மூன்றாம் நாள் கூண்டு

2006, ஆவணி, செவ்வாய்க்கிழமை.

சிக்குன்குனியாவைப் பற்றி மரக்காணத்தில் என்னைவிட அறிந்தவன் கிடையாது. ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிற வேலைதான். ஆனால் நான் தொடாமல் அங்கே ஒரு எலிகூட வாய் திறக்காது. அக்காவிடமும் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.

காய்ச்சலில் விரல் மடங்காமல் அக்கா உப்பளத்துக்குப் போய்ப் பத்து நாளாகிறது. "எலிக்கெல்லாம் மருந்து குடுக்கிற, கூடப் பொறந்தவளுக்கு இல்லையாடா?" என்றாள். ஒரு கூண்டுக்குப் புது மருந்து, இன்னொன்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர் என்று விளக்கினேன்.

"உப்புத் தண்ணியிலதான்டா தெனம் நிக்கிறேன். மருந்தைக் கொண்டா!"

ஞாயிறு சாயந்திரம் கொண்டுவந்து கொடுத்தேன்.

சனிக்கிழமை அதே மருந்தைக் குடித்த எலிகள் இரண்டு நாள் சிங்கம் போலத் துள்ளின. நேற்று சாயந்திரம் தண்ணீர் பாட்டிலை உறிஞ்சித் தீர்த்தன; மூன்று தடவை நிரப்பினேன். இன்று காலை அத்தனையும் விறைத்துக் கிடந்தன. உப்புத் தண்ணீர் எலிகள் நொண்டிக்கொண்டே தீனி தின்கின்றன.

"இந்த மருந்து ஆகாது, எல்லாத்தையும் கொட்டிடுங்க" என்றார் ஆராய்ச்சி நடத்துகிற டாக்டரம்மா. மருந்து பாட்டிலில் குறைந்ததை அவர் கவனிக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அக்கா விரலை மடக்கி மடக்கிக் காட்டுகிறாள். "பாருடா டாக்டரே! தெருவே கேக்குது, நாளைக்கு இன்னும் ரெண்டு பாட்டில் கொண்டா."

சிரித்துவைத்தேன். எலி வேறு, மனுஷி வேறு. விடிந்ததும் டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம், வேலை போனால் போகட்டும்.

அக்கா தண்ணீர் கேட்கிறாள். இது மூன்றாவது சொம்பு.