திரேசாக்காவிட்டைப் பறிச்ச வேலை

பெப். 9, ஞாயிறு
காலமை சரியான பனி. எட்டு மணிப் பூசை. முடிவிலை ஃபாதர், "கோயில் வேலைக்கு ஆக்கள் வேணும்" எண்டார். பென்சன் எடுத்து மூண்டு மாதம், வீட்டிலை குந்தியிருந்து விசர் பிடிக்குது. போய்க் கேட்டன்.

வாசகம் வாசிக்க: ஏற்கெனவே ஆக்கள் கூடவாம்.
பாட்டு: என்ரை தொண்டைக்கு வேண்டாம்.
பூ வைக்கிறது: மூண்டு சகோதரியள், கிட்டப் போகேலாது.
மறைக்கல்வி: "ரீச்சர்மார் இருக்கினம் அன்ரி."

இவருக்குச் சிரிப்பு. "நீ வேலை செய்த கச்சேரியிலை மாதிரி ஒரு மேசை கதிரை போட்டுத் தரச் சொல்லன்." மனுசனுக்கு எல்லாம் பகிடி.

பெப். 11, செவ்வாய்
கோயில் உடுப்பறையிலை திரேசாக்காவைக் கண்டன். தண்டவாளத்துக்கு அங்காலை தனிய இருக்கிறவ. எழுபது தாண்டீட்டுது. பீடத்துணியள் தோய்ச்சு மினுக்கிறது அவதான், முப்பது வருசமா. துணி கொஞ்சம் மஞ்சள். அவவுக்குக் கையும் நடுங்குது. எனக்கு வாய் சும்மா கிடக்குமோ? "உங்களுக்கேனக்கா இந்த வயசிலை கரைச்சல்? தாங்கோ, நான் மெஷினிலை போட்டுத் தாறன்."

"இல்லைத் தங்கச்சி, முதல் தண்ணி..." எண்டு ஏதோ தொடங்கினவ. "எனக்கெல்லாம் தெரியும் அக்கா" எண்டு துணிப் பையை வாங்கிக்கொண்டு வந்திட்டன்.

பெப். 13, வியாழன்
மெஷினிலை ரெண்டு தரம். கஞ்சி போட்டு மினுக்க, நல்ல வெள்ளை. இவரைக் கூப்பிட்டுக் காட்டினன். கத்தரிக்காய், முருங்கைக்காய் வாங்க வேணும். மகளுக்குக் கோல் எடுக்க மறந்திட்டன்.

பெப். 16, ஞாயிறு
ஃபாதர் பீடத்திலை நிண்டு என்ரை பேர் சொல்லி நன்றி. எல்லாரும் திரும்பிப் பாத்தினம். பெருமைதான், ஏன் பொய் சொல்லுவான். திரேசாக்கா கடைசி வாங்கிலை. பூசை முடிய ஒருத்தரோடையும் கதையாமல் போட்டா.

பெப். 19, புதன்
கோயிலடியிலை கன்னியர்மடத்துச் சிஸ்டர் கேட்டா: "முதல் அலசின தண்ணியை எங்கை ஊத்தினனீங்கள்?"
"மெஷின் தண்ணி ஊத்தைத் தண்ணிக் கானுக்கைதானே போகும், சிஸ்டர்."
அவவுக்கு முகம் மாறீட்டுது. பூசைக் கிண்ணம் துடைக்கிற துணியிலை நற்கருணை அப்பத் துகள், ஆண்டவரின்ரை உடல், ஒட்டியிருக்குமாம். அதாலை முதல் தண்ணியை ஆரும் மிதியாத மண்ணிலைதான் ஊத்த வேணுமாம். திரேசாக்கா ஒரு கிழமையும் தவறவிடாமல் அப்பிடித்தான் செய்தவவாம்.

ஐயோ. இதைத்தானே சொல்ல வந்தவ. நான் சொல்ல விட்டனானோ? ஆண்டவரைக் கொண்டுபோய்க் கானுக்கை விட்டிருக்கிறன்.

பெப். 21, வெள்ளி
ஃபாதரிட்டைப் போய் உள்ளதைச் சொன்னன். ஏசேல்லை. "தெரியாமல் செய்ததுதானே" எண்டார். பிறகு, "திரேசாக்காவே வந்து சொன்னவ. கை ஏலாதாம், இனி உங்களிட்டையே குடுக்கட்டாம்."

என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. கோள் சொல்லியிருந்தாலும் எனக்கு ஆறியிருக்கும்.

பெப். 23, ஞாயிறு
திரேசாக்கா பூசைக்கு வரேல்லை. ரெண்டு பூசையும் நிண்டு பாத்தன். பாழாப்போன என்ரை வாய்.

பெப். 24, திங்கள்
பின்னேரம் பையோடை அவவின்ரை வீட்டை போனன். ஒரு அறை, ஒரு குசினி. தேத்தண்ணி தந்தா, சீனி கூட. "மன்னியுங்கோ அக்கா. பழையபடி நீங்களே செய்யுங்கோ" எண்டன். அழுதும் போட்டன்.

"ஃபாதரிட்டை ஏலாதெண்டு சொல்லியாச்சு. இப்ப ஏலும் எண்டு போனா, சனம் உம்மைத்தான் கதைக்கும். வேண்டாம்."
"கோவமோ அக்கா?"

பையை எடுத்து மடியிலை வைச்சுக்கொண்டா.

"கோவமில்லைத் தங்கச்சி. அவரும் போய், பெடியனும் இல்லாமல் போனாப் பிறகு, எனக்கெண்டு தோய்க்க இருந்தது உந்தப் பைதான். வீட்டிலை என்ரை ரெண்டு சீலைதானே."

பையைத் திருப்பி என்ரை கையிலை வைச்சா.