ஒரே தாம்பாளம்

அன்புள்ள சிகாவுக்கு,

வீட்டில் சமாதானம்தானே? அம்மாவின் முழங்கால், நம் பிள்ளைகள், ஆடுகள் எல்லாம் சமாதானம்தானே? இங்கே டக்கார் நகரத்தில் நானும் சமாதானம்.

போன வாரம் துறைமுகத்தில் மூட்டை தூக்கும்போது லேசாகத் தலை சுற்றியது. பயப்படாதே. இரத்த அழுத்தமாம். உப்பைக் குறை, குழம்பில் கரைக்கிற அந்த உப்புச் சூப்புக் கட்டியைத் தொடாதே என்றார் மருத்துவர். அறையில் எல்லோரும் ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுகிறோம். எனக்காக மற்றவர்கள் ஏன் வாயைக் கட்ட வேண்டும்? ஒரு தட்டு வாங்கி வந்து மூலையில் தனியாக உட்கார்ந்தேன்.

என் அறைக்கூட்டாளி ஜத்தா ஜோலா இனத்துக்காரன், செரேர் இனத்தாராகிய நமக்குக் கேலிமுறை; ஒருவரையொருவர் ‘அடிமை’ என்று சீண்டுவது வழக்கம்தானே. சூப்புக் கட்டியை மிட்டாய் மாதிரிச் சப்புகிற ஆள்.

“டேய் அடிமை! எசமான் நான் இங்க உக்காந்திருக்கேன், உனக்குத் தனித்தட்டு கேக்குதா?” என்று தட்டைப் பிடுங்கினான்.

“எனக்கு உப்பு ஆகாதுடா.”

“அப்ப எங்களுக்கும் ஆகாது. போதுமா?”

மறுநாள் அவன்தான் சமைத்தான். கட்டியே போடவில்லை, எலுமிச்சைதான் பிழிந்திருந்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டே எல்லோரும் வழித்துத் தின்றார்கள். மீனில் நல்ல துண்டை உடைத்து என் பக்கம் தள்ளிவிட்டான் ஜத்தா. இப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை, சிகா.

காய்ந்த புளிச்சக்கீரை கொஞ்சம் அனுப்பு. புளிப்பு இருந்தால் உப்பில்லாத குறை தெரியாது.

நம் ஊர் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார், கடிதத்தை அவரிடம்தான் கொடுக்கிறேன். ஒன்று கேட்க மறந்தேன். நம் வீட்டுத் தாம்பாளத்தில் நான் கை வைத்துச் சாப்பிடும் பக்கத்துக்குப் பிள்ளைகள் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்களா? உட்காரட்டும். ஒரு கை நுழைகிற அளவுக்கு மட்டும் இடம் விடச் சொல்.

உன்,
லாத்திர்