களி கூடிய கிறவல்

உடையார்கட்டு,
12.11.1957

அன்பு மனைவிக்கு,

வீதி வேலைகளைப் பார்க்கும் ஓவசியராக வந்து, சரளையும் மண்ணும் கலந்த கிறவலைப் பரப்பி நான் போடுவித்த வீதி கோடையில் சீமெந்துத் தரைபோல் இறுகிக் கிடந்தது. முதல் மழைக்கே சேறாகிவிட்டது. அந்தக் கிறவலை வெட்டிய அன்றே நனைத்து உருட்டிப் பார்த்தேன். களிமண் அளவுக்கு மிஞ்சி இருந்ததால் பந்தாக உருண்டது. நல்ல கிறவல் எட்டு மைலுக்கு அப்பால். மாரிக்கு முன் முடிக்கவேண்டுமென்று இதையே போடச் சம்மதித்துவிட்டேன்.

நேற்றுச் சிவனேஸ்வரி என்ற பெண்ணைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற மாட்டுவண்டி அந்தச் சேற்றில் அச்சுவரை புதைந்தது. பிள்ளை வண்டியிலேயே பிறந்தது. இருவரும் சுகம்.

இன்று காலை அவள் கணவன் யோகலிங்கம் என்னைத் தேடி வந்தான். ஏசப்போகிறான் என்று எழுந்து நின்றேன். அவனோ என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஐயா, வண்டி புதைஞ்ச இடத்துக்குக் கிட்டத்தான் மருத்துவிச்சியின்ரை வீடு. அவதான் ஓடிவந்து பிள்ளையைப் பிடிச்சவ. உங்கடை றோட்டு இல்லாட்டி அவ்வளவு தூரமும் வந்திருக்கேலாது.”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். “ஓம்” என்றுதான் வந்தது. நான் அவர்களுக்குச் செய்தது நன்மையா, தீங்கா? எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த கிழமை பிள்ளையுடன் இங்கு வருவதாக எழுதியிருக்கிறீர். இப்போது வேண்டாம். மாரி முடிந்து வீதி காய்ந்த பிறகு வாரும்.

உம்மைக் காணும் ஆசை குறையாத,
உம் கணவன்