எருக்குக்கு முதல் தாலி

ஜனவரி 12

எருக்கில் இன்று பதினொரு புழுக்கள். கறுப்பும் மஞ்சளுமாக வரி போட்டவை. எல்லாம் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி ஆகப் போகிறவை. தினமும் ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகிறேன். மருந்தடித்து மருந்தடித்து அங்கே ஒரு பூச்சிகூடக் கண்ணில் படுவதில்லை. அதற்காகவே மூன்று வருடம் முன்பு ராசிங்காபுரம் சாலையோரத்து விதையைக் கொண்டுவந்து வாசலில் போட்டேன். எருக்கைப் போய் எவனாவது வளர்ப்பானா என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும்.

ஜனவரி 15

தேவாரத்திலிருந்து ஈஸ்வரி அக்கா வந்தாள். எனக்குப் பார்த்த பெண் பானுப்பிரியா வீட்டில் சம்மதம். ஆனால் என் ஜாதகத்தில் தாரதோஷமாம். முதல் தாரம் தங்காதாம். அதனால் முதல் தாலியை எருக்குக்குக் கட்டி, உடனே அதை வெட்டிவிட வேண்டுமாம். "நல்லதாப் போச்சு தம்பி, வாசல்லயே நிக்குது. தேடி அலைய வேணாம்" என்றாள்.

முப்பத்தெட்டு வயதில் அமைந்த இடம். என்ன சொல்ல?

ஜனவரி 19

கட்டினேன். வெட்டினேன். பத்து நிமிட வேலை. விடியும்போதே புழுக்களைப் பொறுக்கித் தண்டவாளத்தோரத்து எருக்கில் விட்டிருந்தேன். ஒன்பதுதான் கிடைத்தன.

ஜனவரி 20

கையெல்லாம் எருக்கம்பால் பிசுபிசுப்பு. சோப்புப் போட்டும் போகவில்லை.

ஜனவரி 24

பானுப்பிரியா போன் செய்தாள். "தாலி கட்டுன கையாலயேவா வெட்டுனீங்க?" ஜோசியர் சொன்னார், அக்கா சொன்னாள் என்று என்னென்னவோ உளறினேன். "நாளைக்கு என்னைய பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொன்னா?" யோசிக்கணும் என்று வைத்துவிட்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? நானெல்லாம் என்ன மனுசன்?

பிப்ரவரி 3

போன் இல்லை.

பிப்ரவரி 11

வெட்டிய கட்டையில் துளிர்! நான்கு இலை. சந்தோஷத்தில் அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன்.

"அய்யய்யோ, அது உசுரோட இருந்தா பரிகாரம் பலிக்காதுடா. வெரசா வேரோட தோண்டிப் போடு."

"தோண்ட மாட்டேன்க்கா."

"அப்ப கல்யாணம் வேணாமா?"

"வேணும். ஆனா தோண்ட மாட்டேன்."

அக்காவை எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டு, யாரும் மிதிக்காமல் துளிரைச் சுற்றிக் கல் அடுக்கினேன்.

மார்ச் 2

பானுப்பிரியா தன் அம்மாவோடு வந்தாள். "ஒங்க அக்கா போன் போட்டு அழுதாங்க, தம்பி சொன்ன பேச்சு கேக்கலன்னு. அதான் வந்தோம்." செடி இப்போது ஒரு சாண். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நல்ல வெயில். குடிக்கச் செம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை, அப்படியே எருக்கு வேரில் ஊற்றினாள்.

"மூத்த தாரம் குடிக்கட்டும் முதல்ல."

உள்ளே போய் இன்னொரு செம்பு கொண்டுவந்தேன்.