இருபது நிமிடப் பாட்டு

22 ஆகஸ்ட் 1976, ஞாயிறு

செங்கல்பட்டில் காதர் வீட்டுக்குப் போய் வந்தேன். பதினெட்டு வருடம் என் செய்திகளுக்குப் படம் எடுத்தவன். புதன்கிழமை மாரடைப்பில் போய்விட்டான்.

மாமல்லபுரத்தில் ஒரு வெள்ளைக்காரனைப் படம் எடுத்துக் கொடுத்து, பதிலுக்கு ஓர் இசைத்தட்டு வாங்கியிருந்தான். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. கித்தாரும் ஆர்மோனியம் மாதிரி ஏதோ ஒன்றுமாக இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். மூன்று ஞாயிறுகள் என்னை உட்கார வைத்துப் போட்டான். மூன்று முறையும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்தேன்.

போன ஞாயிறு, "நாலு வரியில முடியற சேதியை இழுத்துக்கினே போறான்டா" என்றேன்.

"குந்து மச்சான். கடைசியிலதான் எல்லாம் ஒண்ணு சேருமாம், வெள்ளைக்காரன் சொன்னான். உன் பஸ்ஸு இன்னா ஓடியா பூடும்?" என்று சிரித்தான்.

ஓடிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று அவன் மனைவி கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"நீங்க எழுந்து போனதும் முள்ளைத் தூக்கிடுவாருண்ணே. ஏன் நிறுத்திட்டீங்கன்னு கேட்டா, முடிவை அவனோடதான் கேக்கணும்னுவாரு. கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல. நீங்களே எடுத்துக்கினு போங்க."

மறுக்க முடியவில்லை. வாங்கி வந்தேன்.

சாப்பிட்டதும் போட்டேன். நான் வழக்கமாக எழும் இடம் எனக்குத் தெரியும். டிரம் நின்று, பாடுகிறவன் தனியாகப் பாடத் தொடங்கும் இடம். அது வரை கேட்டேன். முள்ளைத் தூக்கிவிட்டேன்.