அப்பாவின் பெருமூச்சும் ஈவெட்டாவின் ஆட்டமும்

அன்பு மகள் நெரிடாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் சுகமில்லை, அதில் அடைத்திருந்தது கழன்று வந்துவிட்டது, மில்டுரா டவுனில் பல் டாக்டரிடம் போய் மறுபடியும் அடைத்துக்கொண்டு வந்தோம், பயப்பட ஒன்றுமில்லை. ஸ்காட்லாந்தில் குளிர் எப்படி இருக்கிறது, உன் கைவெடிப்புக்கு நான் அனுப்பிய களிம்பு வந்து சேர்ந்ததா, வந்திருந்தால் பூசு, அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே. இங்கே நம் ஆஸ்திரேலியாவில் மார்ச் பாதி போயும் கோடை வெயில் இறங்கவில்லை. பல் எப்படிப் போனது என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று அப்படியில்லை இப்படி என்று கதையைக் கெடுத்துவிடுவார், இப்போது நாயைக் கூட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போயிருக்கிறார்.

நம் ஊர் டென்னிஸ் போட்டிக்கு வருஷா வருஷம் வெளிநாட்டுப் பெண்கள் வருவார்களே, ஓட்டலுக்குக் கட்டுப்படியாகாமல் ஊர்க்காரர்கள் வீட்டில் தங்குவார்களே, இந்த வருஷம் கிளப் செயலாளர் அய்ல்சா என்னிடம் வந்து, "ரோஸ், உன் பொண்ணு ரூம் சும்மாதானே கிடக்கு, ஒருத்தியை வெச்சுக்கோயேன்" என்றாள். வந்தவள் பெயர் ஈவெட்டா, லாத்வியா தேசம், உன்னைவிட நாலைந்து வயது சின்னவள், உன் கட்டிலில் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உலக வரிசையில் நானூற்றுச் சொச்சமாம், அதை அவளே முந்திக்கொண்டு சொன்னாள், நாம் கேட்டுவிடுவோமோ என்கிற மாதிரி. அதிகம் பேசமாட்டாள், அப்பாவைக் கெவ் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், நன்றாகச் சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவாள். உன் அப்பாவுக்குக் கேட்க வேண்டுமா? காலையில் முட்டை பொரித்துக் கொடுப்பதும், காரில் கொண்டுபோய் விடுவதும், கட்டில் முனையில் பெஞ்சைப் போட்டு நீளமாக்கியதும், ஒரே தடபுடல். இரண்டாம் நாளே கடைத்தெருவில் "எங்க பொண்ணு இன்னைக்கு ஆடுறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இவர் ஆட்டம் பார்க்கிற லட்சணம் உனக்குத் தெரியும். கத்தமாட்டார், யாரையும் திட்டமாட்டார், பெருமூச்சு விடுவார். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாரே, அந்தப் பஸ் கதவு திறக்கிற சத்தம் அப்படியே அவர் வாயிலிருந்து வரும். கோர்ட்டுக்குப் பின்னால் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். முதல் நாள் அவள் சுலபமாக ஜெயித்ததால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் அவள் கை கொஞ்சம் தடுமாறியது, இரண்டாவது செட்டை விட்டுவிட்டாள். பந்து வலையில் விழும்போதெல்லாம் இவரிடமிருந்து ஒரு 'ஹூஉஉம்'. நான் இடித்தேன், "நான் என்ன பண்ணேன்?" என்கிறார். மூன்றாவது செட்டில் அவள் இரண்டு சர்வையும் வலையில் அடித்தாள், இவர் மூச்சு விட்டார், அவள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு நேராக வேலிப் பக்கம் வந்து, "கெவ்! போதும்! எந்திரிச்சுப் போங்க இங்கேருந்து!" என்று கத்தினாள் பார், அடுத்த கோர்ட்டில் ஆடினவர்களும் நின்றுவிட்டார்கள். நடுவர் அவளை எச்சரித்தார். அப்பா எழுந்தார், தொப்பியை எடுத்தார், உட்காரும் மெத்தையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். அவள் அந்த ஆட்டத்தை ஜெயித்தாள், ஆனால் கையெழுத்துக்குப் பந்தை நீட்டின குழந்தைகளைக் கூடப் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான், ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. பேக்கரியில் நான் ரொட்டி வாங்கப் போனால், "தீனி போட்ட மனுஷனையே விரட்டிட்டாளாமே, என்ன திமிரு, சிரிக்கக்கூடத் தெரியல" என்று எனக்காகப் பரிந்து பேசுகிறார்கள். சாயங்காலம் அய்ல்சா ஓடி வந்து, "கெவ், அவளை வேற வீட்டுக்கு மாத்திடட்டுமா?" என்று கேட்டாள். அப்பா எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, "மாத்தவெல்லாம் வேணாம். ஆனா ஒண்ணு சொல்றேன், நாம வெயில்ல உட்கார்ந்து பார்க்கிறோம், அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்றார். அய்ல்சாவும் விடுவாளா, "டிக்கெட்டே கிடையாது நம்ம ஊர்ல. ஓசியில ஆட்டத்தைப் பார்த்துட்டு, சிரிச்ச மூஞ்சியும் சேர்த்துக் குடுன்னா எப்படி?" என்றாள். "காசு குடுத்தாத்தான் பார்க்க வந்தவனா? நான் அவளுக்காக கையைப் பிசைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார், அய்ல்சா பேச்சை மாற்றிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

ஈவெட்டா கிளப்பிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள். சமையலறை வாசலில் நின்றவளை நான்தான் உட்கார வைத்தேன். ஆட்டிறைச்சி வறுத்திருந்தேன், மூன்று பேரும் தின்றோம். அவள் போன் மேஜைமேல் விடாமல் துடித்துக்கொண்டே இருந்தது. "யாரும்மா அது, வீட்டுலேருந்தா?" என்றேன். அவள் போனை அப்பா பக்கம் தள்ளினாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், படிக்கப் படிக்க முகம் சிவந்தது. எங்கெங்கோ உட்கார்ந்து அவள் ஆட்டத்தின்மேல் பந்தயம் கட்டுகிறவர்களாம். இரண்டாவது செட்டை விட்டதற்கு, செத்துப் போ, கை உடையட்டும், உன் அம்மா இருக்கிற இடம் தெரியும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள், மற்றதை நான் எழுதமாட்டேன். ஜெயித்த நாளிலேயே இப்படியாம். "இவனுங்க விலாசத்தைக் குடு, நான் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். அவள் போனை வாங்கி, ஈ ஓட்டுகிற மாதிரி விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "இவங்களை அழிச்சிடலாம் கெவ். உங்களை எப்படி அழிக்கிறது? நீங்க எனக்கு முட்டை பொரிச்சுத் தர்றீங்க, கட்டிலை நீட்டி வெக்கிறீங்க. நான் தோத்தா எனக்குப் பழக்கம். என்னால நீங்க வருத்தப்படுறது காதுல விழுந்தா, அடுத்த பந்து தூக்க முடியாத கனமாயிடுது."

அப்பா திரும்ப உட்கார்ந்தார். "அப்போ பார்க்க வர்றவங்களுக்கு நீ ஒண்ணுமே தர வேண்டியதில்லையா?" என்று கேட்டார், சண்டைக்கு இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவளும் யோசித்துத்தான் சொன்னாள். "இருக்கு. எல்லாப் பந்தையும் துரத்தணும். எட்டாதுன்னு தெரிஞ்சாலும் ஓடணும். அதை நான் யாருக்கும் பாக்கி வெச்சதில்லை. ஆனா சிரிப்பு வர்ற அன்னைக்குத்தான் சிரிப்பேன்." அப்புறம், "நான் கத்தினது தப்பு. ஊர் முன்னாடி கத்தினேன், ஊர் முன்னாடியே மன்னிப்பு கேக்கட்டுமா?" என்றாள். அப்பா பதறிப்போய், "ஐயையோ, அதெல்லாம் வேணாம் தாயே, அந்த உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு" என்றார். அதோடு சரி.

மறுநாள் காலிறுதி. போவதா வேண்டாமா என்று இவர் தொப்பியை எடுப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். அவளே, "வாங்க கெவ், ஆனா வாய்?" என்றாள். போகிற வழியில் இறங்கி ஒரு பை நிறைய டாஃபி வாங்கிக்கொண்டார், பல்லில் ஒட்டிக்கொள்ளுமே அந்த ரகம், ஆட்டம் தொடங்குமுன்னே நான்கை ஒன்றாக வாயில் திணித்துக்கொண்டார். பெருமூச்சு விட வழியில்லை, இரண்டு கன்னமும் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் நல்ல கூட்டம், ஆனால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, எதிரே ஆடின பிரிஸ்பேன் பெண்ணுக்கு மட்டும் தட்டினார்கள். ஈவெட்டா நல்ல அடி அடித்தாலும் கோர்ட் அமைதியாகவே இருந்தது. ஆனால் அவள் எதையும் சட்டை செய்யாமல் ஓடினாள் நெரிடா, அப்படி ஒரு ஓட்டம். கடைசி செட்டில் தோற்கப் போகிற நேரத்தில், யாராலும் எடுக்க முடியாத பந்து ஒன்று ஓரமாகப் போனது, அதற்கும் ஓடி, வேலியில் மோதி, முழங்கால் சிராய்ந்து, விழுந்தபடியே திருப்பி அனுப்பினாள். அந்தப் பந்தை அவளே ஜெயித்தாள். எங்களுக்குப் பின்னால் ஒரு ஆள் தன்னை மறந்து, "அட, சபாஷ்டி!" என்று கத்திவிட்டார், கட்டின கைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. அப்புறம் இரண்டே பந்தில் தோற்றுவிட்டாள். ஆனாலும் ஊரே எழுந்து தட்டியது.

இந்த நேரத்தில் உன் அப்பா டாஃபியை வேகமாக இழுத்திருக்கிறார், பல்லில் அடைத்திருந்ததும் கூடவே வந்துவிட்டது. வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. ஊரே, பாவம் கெவ் அழுகிறார் என்று நினைத்துவிட்டது. ஈவெட்டா பையைக்கூட எடுக்காமல் வேலிக்கு ஓடி வந்து, "கெவ், அழாதீங்க, வெறும் டென்னிஸ்தானே!" என்கிறாள். இவரால் வாயைத் திறக்க முடியவில்லை, உள்ளங்கையை மட்டும் நீட்டினார், டாஃபியும் அதில் ஒட்டின பல் அடைப்பும். அவள் ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தாள், அப்புறம் சிரித்தாள் பார், நின்று சிரிக்க முடியாமல் கோர்ட்டிலேயே உட்கார்ந்து, முழங்காலில் ரத்தத்தோடு, மூச்சு முட்ட முட்டச் சிரித்தாள். இவளுக்குச் சிரிக்கவே தெரியாது என்று சொன்னவர்கள் எல்லாரும் காரணம் தெரியாமலே கூடச் சிரித்தார்கள். குழந்தைகள் பந்துகளோடு ஓடி வர, தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த ஊருக்குப் போய்விட்டாள், அங்கே முதல் ஆட்டத்திலேயே தோற்றதாகச் செய்தி அனுப்பினாள், கூடவே 'எல்லாப் பந்தையும் துரத்தினேன்' என்று. அப்பா அதைப் படித்துவிட்டுச் சமையலறையில் இஷ்டத்துக்கு ஒரு மூச்சு விட்டார், அந்த ஊர் வரைக்கும் கேட்காது என்று தைரியம்.

அவள் போன பிறகு உன் அறையைப் பெருக்கும்போது உன்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க நோயாளிகள் முன்னால், அவர்கள் சொந்தக்காரர்கள் முன்னால் சிரித்த முகமாக நிற்கிற வேலை உனக்கு. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்பிட்டு அதே குரலில், "நான் சூப்பரா இருக்கேன்மா" என்கிறாய். போன மாதம் இரண்டு ஞாயிறு கூப்பிடவே இல்லை, வேலை என்றாய். வேலையாகவே இருக்கட்டும், நான் தோண்டவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், நாங்கள் உன்னை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை, எங்களுக்கு நீ சிரித்துக் காட்ட வேண்டியதில்லை. சிரிக்க முடியாத ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடு, பேசப் பிடிக்காவிட்டால் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இரு, நான் இங்கே பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிரு.

உடம்பைப் பார்த்துக்கொள். கையும் மனசும் வெடிக்காமல் நீ நல்லபடியாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் உனக்கு நடக்க வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பிக்கிற தேதி நெருங்குகிறது, மறந்துவிடாதே.

உன்மேல் உயிராய் இருக்கும்
அம்மா