சோப்பு வாடை அடித்த மல்லித்தழை

சின்னவனுக்கு, அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அதை விடு. நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பேசாம மன்னிப்பு எழுதிக் குடுத்துடும்மா, வம்பு எதுக்கு என்று போனில் சொன்னாய். முடியாது. நடந்ததை முழுசாகக் கேள். நான் சமைக்கிற அச்சகக் கேண்டீனுக்கு வந்த புது மேனேஜர் பருப்பை ஒரு வாய் வைத்ததுமே, சோப்பு வாடை அடிக்குது, பாத்திரத்தை யாரும் அலசறதே இல்லையா என்று கத்தி, பாத்திரம் தேய்க்கும் அக்காவை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார். பதினோரு வருஷமாகத் தேய்த்து நகமே தேய்ந்துபோன கை அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே தட்டில் இருந்த சோற்றில் வராத வாடை பருப்பில் மட்டும் எப்படி வரும்? பருப்பில்தானே நான் மல்லித் தண்டை அரைத்துவிட்டு, அடுப்பை அணைத்ததும் தழையை அள்ளிப் போடுகிறேன். சட்டென்று உன் ஞாபகம் வந்தது. ஒரு கொத்தைக் குழாயில் அலசி, எல்லார் முன்னாலும், இத மென்னு பாருங்க சார் என்று நீட்டினேன். மென்றார், துப்பினார், சோப்பு என்றார். சில நாக்குக்கு மல்லி அப்படித்தான் சார், அக்கா மேல தப்பில்ல என்றேன். மொத்தக் கேண்டீனும் சிரித்துவிட்டது. அக்கா வேலை பிழைத்தது, நான்தான் அவரை அவமானப்படுத்திவிட்டேனாம், கடிதம் தராமல் திங்கட்கிழமை சமையல்கட்டில் கால் வைக்கக் கூடாதாம். வைப்பேன். தழை போடுவதற்கு முன்பே அவருக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பேன், ஆனால் கடிதம் ஒரு வரிகூடக் கிடையாது.

நீயும் சின்ன வயதில் இதையேதான் சொன்னாய். சோப்பு நாறுதும்மா என்று நீ தட்டைத் தள்ளும்போதெல்லாம் அடம் என்று நினைத்து வாயில் திணித்தேன், பாத்திரம் கழுவிய அப்பாவுக்கு அலசத் தெரியவில்லை என்று திட்டினேன், மூன்று முறை சோப்பையே மாற்றினேன். மனுஷர் இன்றைக்கும் ஒவ்வொரு தட்டையும் மூன்று தடவை அலசுகிறார். நேற்று விஷயத்தைச் சொன்னேன், இப்பவாவது தெரிஞ்சுதே என்றுவிட்டு நாலாவது தடவை அலசினார்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மறக்காதே. நீ வரும்போது உன் கிண்ணமும் தழையில்லாமல் தனியாக இருக்கும். மன்னிப்புக் கடிதம் எழுது என்றாயே, எழுதிவிட்டேன். இதுதான் அது. உனக்குத்தான் எழுத வேண்டியிருந்தது.

உன்னைத் திட்டித் திட்டியே ஊட்டி வளர்த்த,
அம்மா